இரட்டைப் பதிவு

மாலை ஐந்துக்குள் எண் போயாக வேண்டும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு.
நாலே முக்கால். டர்பன், ஜனவரி.
ஏழாம் மாடியில் ஏசியை நிறுத்திவிட்டார்கள்,
கிருமியைச் சுற்றிவிடுமாம்.
திறக்காத சன்னல்களைத் திறந்து வைத்திருக்கிறோம்
ஆளுக்கொரு செருப்பை இடுக்கில் செருகி.
கடல் தெரிகிறது. கடற்கரைக்குப் பூட்டு.

ஒரே ஆள் இரண்டு தடவை சாக முடியாது.
அதைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்கு நகராட்சிச் சம்பளம்.

ஆய்வகம் ஒரு வரி அனுப்பும்,
மருத்துவமனை ஒரு வரி அனுப்பும்,
எரியூட்டும் இடத்திலிருந்து கைபேசியில் எடுத்த
சாய்ந்த படம் ஒன்று வரும்.
மூன்றையும் ஒருவராக்க வேண்டும்.

எங்கள் ஆட்களின் பெயர்தான் பெரும் தொல்லை.
கப்பலிலிருந்து இறங்கியவர்களை எழுதிக்கொண்டவன்
காதில் விழுந்ததைப் போட்டுவிட்டுப் போனான்.
அவன் மீது கோபமாக இருந்தேன் பல வருடம்.
இப்போது இல்லை.
அவனும் தரவுப் பதிவாளன்.
அவனுக்கும் ஐந்து மணி இருந்திருக்கும்.

வரி 2214: எஸ். மாரிமுத்து.
சாட்ஸ்வர்த், சாலை 327, வீடு 58. வயது 61.
வரி 2231: எஸ். மாரிமுத்து.
அதே சாலை, அதே வீடு. வயது இல்லை.
அடையாள எண் இருந்த இடத்தில் சானிட்டைசர் பட்ட மை.
ஒன்றில் யூ, ஒன்றில் இரண்டு ஓ.
கணினிக்கு அவர்கள் வேறு வேறு.

முகக்கவசப் பெட்டியின் மூடியில்
பென்சிலால் தமிழில் எழுதிப் பார்த்தேன்,
சந்தேகம் வந்தால் நான் செய்யும் வேலை அது.
மாரிமுத்து.
மாரிமுத்து.
ஐந்தே எழுத்து. ஒன்றன் மேல் ஒன்று பொருந்தி நின்றது.
நீக்கு என்பதை அழுத்தினேன்.
நிச்சயமா என்று கேட்டது.
ஆம்.

மறுநாள் காலை ஹ்லெங்கிவே
விடுபட்ட வயதுக்காக அந்த வீட்டுக்குப் போன் போட்டாள்.
கேட்டுக்கொண்டே இருந்தாள். எதுவும் எழுதவில்லை.
பிறகு ஒலிவாங்கியைக் கையால் மூடி
என்னைப் பார்த்து இரண்டு விரல் காட்டினாள்.

அண்ணன் செல்வன். தம்பி சதாசிவன்.
பாட்டன் பெயர் குடும்பப் பெயராகி
இருவர் பின்னாலும் ஒட்டியது.
அண்ணன் பிறந்தபோது பதிவகத்தில் ஒருவன் இருந்தான்,
தம்பி பிறந்தபோது வேறொருவன்.
பிழை என்று நான் எதைத் திருத்தினேனோ
அந்த ஓ தான் தம்பி.

வரியை மீட்டுவிட்டேன். அது சுலபம்.
ஆனால் நேற்று மூடிவிட்டது; மூடிய நாளைத் திறக்க
மாகாணத்துக்கு எழுத வேண்டும், அவர்கள்
ஒன்றுக்காகவெல்லாம் திறப்பதில்லை.
இன்றைய எண்ணில் சேருங்கள், அடிக்குறிப்புப் போடுங்கள் என்றார்கள்.
அப்படியே செய்தேன்.
எங்கள் வரைகோட்டில் சதாசிவன்
ஒரு நாள் கூடுதலாக மூச்சு விட்டார்.
இதை யாரிடமும் சொல்லவில்லை. யாருக்கு இது ஆறுதல்?

அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றாம்:
சான்றிதழில் இரண்டு ஓ போடச் சொல்லுங்கள்.
ஒரு ஓ குறைந்தால் வங்கியில் சண்டைக்கு நிற்பார்,
தண்ணீர் பில்லைத் திருப்பி அனுப்புவார்,
கல்யாணப் பத்திரிகையைக்கூட
மறுபடி அச்சடிக்க வைத்தவர்.

சான்றிதழ் எங்கள் வேலையில்லை. வேறு இலாகா, வேறு கட்டடம்.
ஹ்லெங்கிவே அதைச் சொல்லவில்லை.
எழுத்தெழுத்தாகக் கேட்டு, எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொல்லி
மதிய இடைவேளையில் நடந்து போய்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவனிடம் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள்.
பெரிதாக வட்டமிட்டிருந்தாளாம்.

நாலு ஐம்பது.
பெட்டி மூடியைக் குப்பையில் போட்டுவிட்டேன்.
அடுத்து நாயக்கர். வி. நாயக்கர். மூன்று வரி,
மூன்று எழுத்துமுறை, ஒரே மாடிக் குடியிருப்பு.
மூவரையும் அப்படியே விட்டேன்.
எண் இன்று பெரிதாக இருக்கும். தாமதமாகவும்.
ஹ்லெங்கிவே காதணியைக் கழற்றி வைத்துவிட்டு
முதல் வீட்டுக்குப் போன் போடுகிறாள்.
மணி அடிக்கிறது.